குழந்தை ஏ பற்றி நான் எழுதிய அறிக்கை

வகுப்பறையின் வெள்ளைத் திரையில் நான்காவது பக்கம் விழுந்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் கையிலிருந்த கலர் பென்சிலைக் கீழே வைத்தாள். திரையில் இருந்தது அவள் வரைந்த படம். ஒரு வீடு, வீட்டுக்கு வெளியே லாரி, லாரிக்குப் பக்கத்தில் அப்பா, வாசலில் அவள். அம்மா இல்லை. படத்துக்குக் கீழே மலாயில் நான் தட்டச்சு செய்திருந்தேன்: 'குழந்தை ஏ. பெண், ஒன்பது வயது. இன்னமும் படுக்கையை நனைக்கிறது.' மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு அந்த மலாயைப் படிக்க யார் துணையும் வேண்டியதில்லை.

அந்த நிமிடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். கணினி மக்கர் செய்கிறது என்று சொல்லியிருக்கலாம், அடுத்த பக்கத்துக்குத் தாவியிருக்கலாம். முன் வரிசையில் விரிவுரையாளர் மதிப்பெண் தாளுடன் உட்கார்ந்திருந்தார். அவரை நாங்கள் எல்லாரும் மலாயில் மரியாதையாக 'புவான்', அம்மையார், என்றுதான் அழைப்போம். நான் புவானின் பேனாவைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன், பிறகு தொடர்ந்து வாசித்தேன். ஏழு வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததே அந்தத் தொடர்ந்து வாசித்ததற்காகத்தான்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் துணை ஆசிரியையாக இருந்தேன். டிப்ளோமா இல்லாதவர்கள் இனி வகுப்பு எடுக்க முடியாது என்று நிர்வாகி சொன்ன அன்று, பத்து வருடமாகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு எழுத்தும் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்போது காகிதம் வேண்டுமாம் என்று வீட்டில் வந்து கத்தினேன். கத்தி முடித்துவிட்டு மறுவாரமே ஒரு கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு வகுப்பு. எங்கள் வீடு தஞ்சோங் ரம்புத்தானுக்கு அப்பால், முன்பு ரப்பராக இருந்து செம்பனையாக மாறிப்போன தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் இடிக்காமல் மிச்சம் விட்ட ஒரு லயத்தில் இருந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். செம்பனைப் பழ லாரி ஓட்டும் என் கணவர் வார இறுதியில் மகளைப் பார்த்துக்கொள்வார். வகுப்பில் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என்னைவிட வேகமாக எழுதினார்கள். எனக்கு ரோஷம் தாங்காது. அவர்களைவிட ஒரு மதிப்பெண்ணாவது கூட வாங்க வேண்டும் என்று வெறி பிடித்துப் படித்தேன்.

இரண்டாம் ஆண்டில் அந்த அறிக்கை வந்தது. ஒரு குழந்தையை எட்டு வாரம் கவனித்து எழுத வேண்டும். தாளில் மூன்று கட்டங்கள்: என்ன பார்த்தாய், எப்போது பார்த்தாய், காரணம் என்ன. இதில் தவறினால் முழுப் பாடத்தையும் அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டும், அதுவரை பாலர் பள்ளி எனக்காகக் காத்திருக்காது. குழந்தையின் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுமதி தர வேண்டும் என்பதுதான் சிக்கல். நான் கேட்ட ஒரு தாய்கூடச் சம்மதிக்கவில்லை. "எம்புள்ளைக்கு என்னா கொறைன்னு எழுதப் போறீங்க டீச்சர்? அப்புறம் தஞ்சோங் ரம்புத்தான் கேஸுன்னு சொல்லிருவாங்க லா" என்று ஒருத்தி தாளை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால் அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம் நாங்கள். பேராக் மாநிலத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். என் மகளுக்கும் தெரியும் என்பதை நான்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் வீட்டிலேயே ஒரு குழந்தை இருக்கிறதே என்று தோன்றியது. நான்கு வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்தியவள், நான் கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் மாதம் மறுபடி ஆரம்பித்திருந்தாள். வெட்கத்தில் சுருண்டுபோவாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று நான் அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தேன். சொன்ன நானேதான் எட்டு வாரம் நாள் தவறாமல் குறித்து வைத்தேன். பெற்றோர் அனுமதி என்ற இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், தாயின் கவனம் குறைந்துவிட்டதால் அதை ஈர்க்கக் குழந்தை இப்படிச் செய்கிறது என்று புத்தகத்தில் இருந்த மலாய்ச் சொற்களை அழகாக அடுக்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த வாக்கியத்தை எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அறிக்கையை வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டிய ஞாயிற்றுக்கிழமை கணவரைத் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டில் எல்லாரும் பீடோரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மகளை அழைத்துப் போனேன். வரைந்துகொண்டிருப்பாள், நிமிர்ந்து பார்க்க மாட்டாள் என்று நம்பினேன். படத்தை அவளுடைய புத்தகத்திலிருந்து கிழித்து எடுத்ததையும் அவளிடம் சொல்லவில்லை.

நான் வாசிக்க வாசிக்க, "கெசியான்" என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். பாவம் என்று அர்த்தம். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. 'குழந்தையை மனநல மருத்துவரிடம் அனுப்பலாம்' என்று எழுதியிருந்தேன், அதையும் உரக்கப் படித்தேன். புவான் "பாகுஸ்" என்றார், நன்றாக இருக்கிறது என்று. வகுப்பு கைதட்டியது. என் மகள் கலர் பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினாள்.

திரும்பும் வழியில் தஞ்சோங் ரம்புத்தானில் மோட்டாரை நிறுத்தினேன். அங்கே ஒரு கடையில் வாழைப்பழம் பொரிப்பார்கள், அவளுக்கு உயிர். வாங்கிக் கொடுத்தால் சமாதானமாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் இறங்கவில்லை. பின்னாலிருந்து என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குடா, ஒரு நிமிஷம்தான்."

"பசிக்கலம்மா. வீட்டுக்குப் போலாம்."

"பிசாங் கோரேங் வாங்கிட்டுப் போயிரலாம்லா."

"வீட்டுக்குப் போலாம்மா. வீட்டுக்குப் போலாம்."

வீம்பு என்று நினைத்தேன். "உனக்கு ரொம்ப ஏத்தமாயிருச்சு" என்று திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். குழந்தை வளர்ப்பில் டிப்ளோமா வாங்கப் போகிறவள் நான்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது நின்றது. கேட்டால் தலையசைப்பாள். விடிந்ததும் தன் விரிப்பைத் தானே அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வேன் ஏறினாள். புதன்கிழமை அவளுடைய தண்ணீர்ப் போத்தல் நிரம்பியபடியே திரும்பி வந்ததைப் பார்த்தேன். மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். ஓட்டப் பயிற்சியில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வாங்குப் பலகையில் படுக்க வைத்திருந்தார்கள், உதடு வெடித்திருந்தது. உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை என்றார் கிளினிக் டாக்டர். நாள் முழுக்க அவள் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். படுக்கை நனையாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வைத்தியம் அது.

நடந்ததையெல்லாம் கணவரிடம் அன்றுதான் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. "ஊரு புள்ளைங்களப் பாத்துக்கத்தான் படிக்கிற. நம்ம புள்ளைய என்னா பண்ணி வெச்சிருக்க பாரு" என்றார்.

சனிக்கிழமை வகுப்புக்கு முன்பே புவானின் அறைக்குப் போனேன். என் அறிக்கையை அடுத்த வருட மாணவர்களுக்கு மாதிரியாக வைக்கப் போவதாக அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். அதைத் திருப்பித் தாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். குழந்தை ஏ என் மகள், போன வாரம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள் என்றேன். பெற்றோர் கையெழுத்து இருக்கிறதே என்று தாளைப் புரட்டினார். அந்தப் பெற்றோரும் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அறிக்கையை எடுத்துக்கொண்டால் மதிப்பெண்ணும் போய்விடும், பத்து நாளில் வேறு ஒன்று தர வேண்டும், எட்டு வாரக் கவனிப்பு இல்லாததால் தேறுவதே சிரமம் என்றார். சம்மதித்தேன். திரையில் காட்டிய கோப்பை அவர் கணினியிலிருந்தும் அழிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். படித்துப் பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரி, பிள்ளை என்னோடு பேசினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. மதியம் முன்னறையில் தரையில் உட்கார்ந்து அந்த அறிக்கையை அவள் முன்னால் வைத்தேன். "அம்மா பண்ணது தப்பு. ஒன்ட்ட கேக்காம எழுதிட்டேன், சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு எல்லார் முன்னாலயும் படிச்சேன். இது இனிமே யார்கிட்டயும் இல்ல. கிழிக்கிறதுன்னாலும் கிழிச்சிரு" என்றேன். அவள் கிழிக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். தெரியாத சொல்லில் விரலை வைத்து நிமிர்ந்து பார்ப்பாள், நான் தமிழில் அர்த்தம் சொல்வேன். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் நானே அவளுக்கு மொழிபெயர்த்தேன். அதைவிடக் கடினமான பரீட்சை எதையும் நான் எழுதியதில்லை.

கடைசிப் பக்கம் வந்ததும் அவள் விரல் நின்றது.

"என்னைய தஞ்சோங் ரம்புத்தான்ல விட்டுருவீங்களா?"

சட்டையைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். விட மாட்டேன், அது புத்தகத்தைப் பார்த்து எழுதியது, அந்த ஆஸ்பத்திரி உடம்பு சரியில்லாதவர்களைக் குணமாக்கும் இடம்தான், திட்டுவதற்கு உள்ள பெயரில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் அழவில்லை. நான் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி அந்த மூன்றாவது கட்டத்தைக் காட்டினாள்.

"இது தப்பும்மா."

"எது?"

"காரணம். நான் ஒங்கள பாக்க வைக்கிறதுக்காகப் பண்ணல." யாரையோ காட்டிக்கொடுப்பவள் மாதிரித் தயங்கிச் சொன்னாள். "நீங்க அடுப்படியில படிச்சிக்கிட்டு இருப்பீங்க. பாத்ரூமுக்குப் போணும்னா ஒங்களத் தாண்டித்தானே போணும். படிக்கிறப்ப யாரும் உள்ள வரக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல. நீங்க முடிக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டுப் படுத்திருப்பேன். அப்படியே தூங்கிருவேன்."

லயத்து வீடுகளைக் கட்டியவர்கள் கழிப்பறையைப் பின்புறத்தில் வைத்தார்கள். முன்னறை, படுக்கும் அறை, அடுப்படி, அதன் பின்கதவைத் திறந்தால் கழிப்பறை. மேசை போட இடமிருந்தது அடுப்படியில் மட்டும்தான். படிக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் படித்தது மறந்துபோகிறது என்று ஒருநாள் எரிந்து விழுந்திருக்கிறேன். சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. எட்டு வாரம் உட்கார்ந்து கவனித்தேன். நனைந்த விரிப்பைப் பார்த்தேன், மணியைக் குறித்தேன், புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்து அறையில் கண் விழித்துப் படுத்திருந்தவளிடம் ஏன் என்று ஒரு தடவை கேட்கவில்லை.

மேசையை அன்றைக்கே முன்னறைக்கு இழுத்துப் போட்டோம், கணவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த வாரத்திலேயே விரிப்பு காய்ந்தபடி கிடந்தது. கோலா கங்சாரிலிருந்து வகுப்புக்கு வரும் ஒரு தோழி தன் தங்கையின் மகனைப் பார்க்க அனுமதி வாங்கித் தந்தாள். அந்தப் பையனிடமும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொடுத்தேன். தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. டிப்ளோமா கிடைத்தது, வேலையும் நிலைத்தது. என்னை இப்போது தலைமை ஆசிரியை என்று அழைக்கிறார்கள்.

மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கில் படிக்கிறாள். சண்டை போடுகிறாள், கேலி செய்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு தோழிகளோடு மணிக்கணக்கில் பேசுகிறாள். லயத்தை விட்டு ஈப்போவுக்கே வந்துவிட்டோம். இந்த வீட்டில் கழிப்பறை அவளுடைய அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் குடிக்க வருகிறவள் சமையலறை வாசலில் கால் எடுத்து வைக்காமல் ஒரு கணம் நிற்கிறாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, சும்மா நின்றுகொண்டிருந்தாலும் சரி, "படிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். அப்படிக் கேட்பது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். "இல்லடா, வா" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.