கரண்ட்டைக் குறைக்காத கண்ணாடி மேஸ்திரி

கண்ணாடி மேஸ்திரிக்கு அந்தப் பெயரை யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. துருப்பிடித்த சைக்கிள் கைப்பிடியை அவரிடம் கொடுத்தால், நாலு தொட்டியில் இறக்கி ஏற்றி, முகம் பார்த்துச் சவரம் செய்கிற அளவுக்குப் பளபளவென்று திருப்பிக் கொடுப்பார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். முலாம் பூசும் பட்டறைக்குத் தொட்டி கழுவ வந்தவர், தொட்டிகளுக்கே தலைவரானார். படித்துவிட்டு வந்தவர்கள் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, இவர் குரோமியத் தொட்டிமேல் குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். "தூக்கலா இருக்கு, தண்ணி விடு" என்பார். பத்து நிமிடம் கழித்துக் குழாயும் அதையே சொல்லும். இன்றைக்கு அப்படி ஒரு ஆளைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் வினை இருந்ததும் அந்த மூச்சில்தான்.

குரோமியத் தொட்டியில் கரண்ட் விட்டால் செந்நிறத் திரவம் குமிழ் குமிழாகப் பொங்கும். ஒவ்வொரு குமிழும் வெடிக்கையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மஞ்சள் ஆவி எழும். அது மூக்கின் நடுச்சுவரை அரிக்கும். முதலில் எரியும், அப்புறம் ரத்தம் வரும், பொருக்குத் தட்டும். இரண்டொரு வருடத்தில் வலியே இல்லாமல் ஓட்டை விழுந்துவிடும். பட்டறையில் அதற்கு 'மூக்குத்தி' என்று பெயர். மூக்குத்தி விழுந்தவன் முழுத் தொழிலாளி, விழாதவன் கற்றுக்குட்டி. இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் பெருமை என்று நினைக்க அந்தப் பட்டறைக்காரர்களால்தான் முடியும். மேஸ்திரிக்கு இருபது வயதிலேயே விழுந்துவிட்டது. கல்யாண வீடுகளில் சணல் நூலை மூக்கின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்துக் காட்டுவார்.

"எந்தக் காலேஜ்லடா குடுப்பான் இந்தப் பட்டத்தை?" என்பார். கூட்டம் கைதட்டும். அவர் மனைவி மட்டும் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள்.

மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன் என்றாள் மருமகள். மேஸ்திரியே அழைத்துப்போய்ப் பட்டறையில் சேர்த்தார். சாமான்களைச் செப்புக் கம்பியில் கட்டிக் குரோமியத் தொட்டியில் தொங்கவிடுகிற வேலை. அவள் கட்டின கட்டு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. என் மருமகள் என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம் ஒருநாள், தண்ணீர்க் குழாய்த் தலைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கையுறையில் விழுந்தது. அடுத்த தொட்டி ஓரம் நின்றவனை எல்லோரும் 'ஆசிட்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் அப்படித்தான். அவன் கையைத் தட்டினான்.

"அக்காவுக்கு மூக்குத்தி குத்த ஆரம்பிச்சாச்சு! மாமனாரு விருந்து வைக்கணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அவர் வாழ்நாளில் சிரித்த சிரிப்புகளிலேயே கேவலமான சிரிப்பு அதுதான்.

மருமகள் கையுறையைக் கழற்றினாள்.

"மாமா, நேத்து அடுப்புல பால் பொங்கிச் சட்டி கருகிப் போச்சு. பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. வாடை தெரிஞ்சுதா?"

"நான் ஏதோ யோசனையில இருந்தேன்."

"யோசனை இல்ல மாமா. உங்களுக்கு வாடையே தெரியாது. தொட்டிமேல குனிஞ்சா எரியுது பாருங்க, அது மட்டும்தான் தெரியும். உங்க பட்டம் எனக்கு வேண்டாம். எனக்கு வேலையும் வேணும், மூக்கும் வேணும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் தொட்டியில் தூக்கிப் போட்டிருப்பார். அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய்ச் சோப்பை முகர்ந்து பார்த்தார், மண்ணெண்ணெயை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஊரே மெச்சிய மோப்பம், வெறும் எரிச்சலின் அளவு!

மறுநாள் நேராகச் சின்ன முதலாளியின் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி ஒரு கட்டுத் துணி முகமூடியை எடுத்து மேஜையில் போட்டார். மேஸ்திரி அதைத் தள்ளி வைத்தார்.

"இது தூசிக்கு. ஆவிக்கு இதைக் கட்டுறது சல்லடையில தண்ணி அள்ளுற கதை. தொட்டி விளிம்பைச் சுத்தி இழுவைக் குழாய் போடுங்க. மூக்குக்கு வர்றதுக்குள்ள அது இழுத்துக்கட்டும்."

"அப்பா காலத்துத் தொட்டி மேஸ்திரி. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? கல்லு மாதிரிதானே இருக்கீங்க?"

"கல்லுல ஓட்டை விழுந்திருக்கு. விரலை விட்டுப் பாக்குறீங்களா?"

பேச்சு அதோடு முடிந்தது. மருமகள் தொழிலகச் சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுதினாள். தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராத மேஸ்திரி, அந்தப் பெயரைக் காகிதத்தின் கால்வாசிக்கு வருகிற மாதிரி கொட்டை எழுத்தில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் அம்மா ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. திங்கள் மாலை முதலாளி மேஸ்திரியின் தோளில் கைபோட்டார்.

"நாளைக்குக் கரண்ட்டைப் பாதியா வைங்க. சின்னச் சின்ன சாமானா இறக்குங்க. குமிழி கம்மியானா ஆவி கம்மி, காத்தை அளக்குற கருவியும் நல்லதாவே சொல்லும். அந்தம்மா போனதும் ஏத்திக்கலாம்."

"ஏத்தியே வெச்சிருந்தா?"

"மாமனாரும் மருமகளும் வேற இடம் பாத்துக்குங்க."

மறுநாள் வந்த ஆய்வாளர் அம்மா ஒடிசலான ஆள், அதிகம் பேசவில்லை. மருமகளின் இடுப்பில் ஒரு குட்டி பம்பைக் கட்டினார். அதிலிருந்து வந்த குழாயைக் கழுத்துப் பட்டையில், மூக்குக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். அவள் இழுக்கிற காற்றையே அதுவும் இழுக்குமாம். முதலாளி கரண்ட் பெட்டிக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி நாற்காலிச் சட்டங்களாகப் பார்த்துத் தொட்டி நிறைய இறக்கச் சொன்னார். பெட்டிக்குப் போய்த் திருகைக் கடைசி வரைக்கும் திருகினார். தொட்டி பொங்கியது.

"அம்மா, கரண்ட் முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்து எழுதிக்குங்க. நேத்தும் இதான், முந்தாநாளும் இதான், நாப்பது வருஷமா இதான்."

முதலாளி இருமினார். "கொஞ்சம் அதிகமா இல்ல மேஸ்திரி?"

"என்ன முதலாளி, தினமும் ஏத்து ஏத்துன்னு கூரை பிளக்கக் கத்துவீங்க. இன்னிக்கு ஏன் குரல் கம்முது? ஆவி தொண்டைக்குள்ள போயிடுச்சா?"

ஆசிட் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். ஆய்வாளர் அம்மா முள்ளைப் பார்த்தார், எழுதினார்.

பத்து நாளில் முடிவு வந்தது. காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வைத்திருக்கிற அளவைப் போல நாலு மடங்கு ஆவி. பதினோரு பேரின் மூக்கையும் டாக்டர் விளக்கடித்துப் பார்த்ததில் எட்டு பேருக்கு ஓட்டை. மருமகளுக்குப் புண்தான், இன்னும் துளைக்கவில்லை. இழுவைக் குழாய் போடும்வரை தொட்டியை ஓட்டக் கூடாது என்று உத்தரவு ஒட்டினார்கள். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தார், இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். மேஸ்திரி மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்னால் ஆசிட் தன்னுடையதைக் கழற்றி முதலாளியின் காலடியில் போட்டான். "அப்ப நீங்களே முலாம் பூசிக்குங்க சார்" என்றான். மற்ற எட்டு பேரும் கழற்றினார்கள். முதலாளி பதினோரு மேலங்கிகளையும் எண்ணிப் பார்த்தார். அப்புறம் இழுவைக் குழாய் பொருத்துகிற ஃபிட்டருக்குப் போன் போட்டார்.

மூன்றாம் வாரம் குழாய் வந்து பொருத்தியாயிற்று. விசிறி உறுமியது.

"போடுங்க மேஸ்திரி கரண்ட்டை" என்றார் முதலாளி.

மேஸ்திரி ஒரு பழந்துணியை முறுக்கிப் பற்றவைத்து ஊதி அணைத்தார். அது புகைய, தொட்டி விளிம்போடு மெதுவாகக் கொண்டுபோனார். முதல் பக்கத்தில் புகை வளைந்து குழாய்க்குள் ஓடியது. இரண்டாவதிலும் ஓடியது, மூன்றாவதிலும் ஓடியது. நாலாவது பக்கத்தில் மட்டும் நேராக மேலே எழும்பி அவர் முகத்தில் அடித்தது.

"மூணு பக்கம் இழுக்குதே, போதாதா?" என்றார் முதலாளி.

"என் மருமக நிக்கிறது நாலாவது பக்கம்."

கரண்ட் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கவிழ்ந்து கிடந்த வாளி ஒன்றை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார்.

ஃபிட்டர் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். மேஸ்திரியின் சட்டைப் பையைப் பார்த்தான். மடக்கி வைத்த ஏணியை மறுபடியும் விரித்தான்.