பேச்சியம்மாள் கையில் காலிக்குடம்

"அவங்க என்ன ஆளுக?"

போன திங்கட்கிழமை, ஓர் அலுவலகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மறுபடியும் அங்கேதான் போயாக வேண்டும்.

சங்கரன்கோவிலில் பேச்சியம்மாளுக்குச் சிலை வைக்க அனுமதி கேட்டு நாங்கள் நாலைந்து பெண்கள் இரண்டு வருடமாக அலைகிறோம். யார் பேச்சியம்மாள்? விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றியவர். கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் தெருக்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு, வாராவாரம் காலிக்குடத்தோடு அலுவலக வாசலில் உட்கார்ந்தவர். மடியில் கைக்குழந்தை வேறு. 'நாளைக்கு வா' என்றால், நிஜமாகவே நாளைக்கும் போய் உட்காருவாராம். கடைசியில் குழாய் வந்தது. இன்று காலை நான் குடித்த காபி அந்தத் தண்ணீரில் போட்டதுதான்.

அந்தக் கைக்குழந்தைதான் கோமதியக்கா. அறுபதைத் தாண்டிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூக்கட்டி விற்கிறார். திங்கட்கிழமை மட்டும் கடையைப் போடாமல் எங்களோடு மனு கொடுக்க வந்துவிடுவார். அம்மா உட்கார்ந்திருந்த அதே வாசல்... கண்ணை மூடுவதற்குள் அம்மாவை இந்த ஊரில் நிற்க வைத்துப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

சரி, பேச்சியம்மாளின் சாதியைக் கேட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். "தண்ணி எல்லாருக்கும்தானே சார் வந்துச்சு?" என்றேன்.

"அது சரிம்மா. சிலைன்னா நாளைக்குப் பிரச்சினை வரும்லா?" என்றார் அதிகாரி.

நம் பக்கம் சிலைகளுக்கா பஞ்சம்? வாளோடு, புத்தகத்தோடு, கையை நீட்டியபடி... பெரும்பாலும் ஆண்கள். பாதிப் பேர் இரும்புக் கூண்டுக்குள். சாதிச் சண்டைக்குப் பயந்து தலைவர்களையே பூட்டி வைத்திருக்கிறோம். இதில் ஒரு பெண்பிள்ளைக்கு இடம் கேட்டால் பிரச்சினை வந்துவிடுமாம்!

எரிச்சலோடு அங்கிருந்து சிற்பியின் பட்டறைக்குப் போனோம். களிமண்ணில் மாதிரி தயார் என்று சொல்லியிருந்தார். கோயில் கோபுரங்களுக்குச் சுதை வேலை செய்கிறவர். துணியை விலக்கினால்... மூக்குத்தி, ஒட்டியாணம், அருள்பாலிக்கும் வலது கை. குடம் கேட்டிருந்தோம் அல்லவா? இடது கையில் பூரண கும்பம்!

"பொம்பள செலைன்னா கை இப்படித்தாம்மா வருது" என்றார் அப்பாவியாக.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நம் ஊரில் பெண் கல்லாக நின்றால் அம்மனாகத்தான் நிற்க வேண்டும். தெருவில் போன ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

பக்கத்து டீக்கடை அண்ணாச்சிக்கு உற்சாகம். "நான் சொல்லுதேன், கேளுங்க. மனுவெல்லாம் எதுக்கு? பக்கத்துல ஒரு சூலத்தை நட்டு, மஞ்சச் சீலையக் கட்டி விட்டிருங்க. விடிஞ்சா கோயிலு. எந்த ஆபீசரு வந்து கேக்கான்னு பாப்போம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டியது. இரண்டு வருடம் அலைந்த கால் சும்மா இருக்குமா? உடன் வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

கோமதியக்கா மட்டும் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமின்னா கேட்டவங்களுக்குக் குடுக்கணும். எங்கம்மா கேட்டு வாங்குனவ" என்றார். பிறகு சிற்பியிடம், "அந்த வலது கைய எறக்கிருங்க. நகையெல்லாம் வேண்டாம், அவ போட்டதே இல்ல. குடத்துல இருக்கிற தேங்காயையும் மாவிலையையும் எடுத்திருங்க. அது காலியா இருக்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க இத்தனை நாள் காத்திருந்தவரே இந்தக் குறுக்குவழி வேண்டாம் என்கிறார். எனக்கு என்ன அவசரம்?

வரும் திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். மனு எழுதவில்லை. ஆளுக்கொரு காலிக்குடம் எடுத்துப் போகிறோம்.