மஞ்சள் வைத்த சேலை

கொரோனா வந்த வருடம் முடிந்து அடுத்த தைப்பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த வாரம். ஹட்டன் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் இது நடந்தது. மற்ற வருடங்களில் அந்த வாரம் எங்களுக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது. அந்த வருடம் காலையிலிருந்து மழை தூறிக்கொண்டிருந்தது, தெருவில் ஆளே இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்று, வேண்டியதை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள்.

எங்கள் முதலாளி முஸ்லிம். வேலை பார்க்கிறவர்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்குமே அவர் அண்ணன் முறையில் 'நானா'தான். அவருடைய அப்பா, அவர் சொல்வதுபோல் வாப்பா, கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் கொரோனாவால் இறந்துபோயிருந்தார். அந்த நோயில் இறந்தவர் எந்த மதமானாலும் எரித்தே ஆகவேண்டும் என்று எங்கள் நாட்டில் சட்டம் இருந்த சமயம் அது. அவர்களிடம் எரிக்கிற வழக்கமே கிடையாது. நானா தன் கடைத் துணியிலிருந்தே வாப்பாவின் உடலைச் சுற்றுவதற்கு வெள்ளைத் துணி வெட்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உடலைக் கையில் தரவில்லை. துணியைக் கொண்டுபோன மாதிரியே திரும்பக் கொண்டுவந்து மேல் தட்டில் வைத்தார். அதன் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தூசி தட்டும்போதுகூட அந்தத் தட்டை விட்டுவிடுவோம்.

அன்று எதிர்க்கடை இரும்புக்கடைக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். நானாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, அவர் பொருமிக்கொண்டிருந்தார், நானா கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வட்டகொடைப் பக்கத் தோட்டம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது எங்களிடம் துணி எடுக்கிறவர். கையில் எங்கள் கடைப் பை ஒன்று இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டு நின்றார். திடீரென்று பேச்சுக்குள் நுழைந்தார்.

"எரிச்சா என்ன, பொதைச்சா என்ன நானா. உசுரு போனதுக்கு அப்புறம் அதுக்குத் தெரியவா போகுது? ஒங்க ஆளுக மட்டும்தான் இத இவ்வளவு பெருசாக்குறீங்க."

இரும்புக்கடைக்காரர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கீழே விழுந்தது. சின்னப் பேச்சுக்கும் ஊர் திரண்டுவிடும் காலம் அது. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நானா சிநேகிதரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு வந்தவரிடம், அப்படி நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தங்கள் மார்க்கத்தில் அது வேறு மாதிரி என்று, சேலை விலை சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அந்த ஆள் விடுவதாக இல்லை. சிதைக்குப் போனாலும் மண்ணுக்குப் போனாலும் கடைசியில் எல்லாம் ஒன்றுதான் என்றார். சாமிக்குத் தெரியாத கணக்கா என்றார். ஒவ்வொன்றுக்கும் நானா பொறுமையாகத் தலையாட்டினார், அல்லது ஒரு வார்த்தை சொன்னார். அவருடைய பொறுமை அந்த ஆளை இன்னும் கிளப்பிவிட்டது போலிருந்தது. கடைசியில் இப்படிக் கேட்டார்:

"சாம்பலாப் போனா ஒங்க சாமியால கடைசி நாள்ல எழுப்ப முடியாதா? அவ்வளவுதானா அவரு சக்தி?"

வாப்பாவைச் சாம்பலாகப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? நானாவின் கண்கள் மட்டும்தான் முகக்கவசத்துக்கு மேல் தெரிந்தன.

"அவனால முடியும் அண்ணே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. முடியாமப் போனது எனக்குத்தான். வாப்பாவக் குளிப்பாட்டி, இந்தக் கையால மண்ணுல வைக்கிறது என்ட கடமை. அதச் செய்யக் கிடைக்கல்ல."

இரும்புக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கொதித்தது. எனக்கு இயல்பிலேயே வாய் கொஞ்சம் நீளம். பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தோட்டத்தில் நாங்கள் எங்கே எரிக்கிறோம்? என் அப்பாவும், அப்பாவின் ஆட்களும் தேயிலை மலைக்குள்தான் புதைந்து கிடக்கிறார்கள். இந்த ஆளின் தோட்டத்திலும் அப்படித்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் தோட்டத்தில் எந்தச் சுடுகாட்டில் எரிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் ஆள் வாயடைத்துப் போவார். நிமிர்ந்து வாயைத் திறந்தேன்.

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணி சொல்லுங்க" என்றார்.

எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு பேசினவருக்குத் தேத்தண்ணியா? முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போய்ப் பக்கத்து ஹோட்டலுக்குக் குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நானா அந்தப் பையின் பக்கம் மெதுவாகக் கையைக் காட்டி, "ஒங்க வீட்டுல யாரு அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் அந்தப் பையை ஒழுங்காகப் பார்த்தேன். வாய் பிரிந்து, உள்ளே மடித்த சேலையின் ஓரம் தெரிந்தது. அந்த ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

எங்கள் ஆட்களில் கல்யாணமான பெண் இறந்துபோனால், கூடப்பிறந்தவன் புதுச்சேலை எடுத்து, நுனியில் மஞ்சள் வைத்துக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்போம். அது வந்து சேராமல் பெட்டியை மூட மாட்டார்கள். எத்தனை சாவு வீடுகளில் பார்த்திருக்கிறேன்! அந்தச் சேலை இவ்வளவு நேரமும் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆள் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா, அவளுக்கும் கொரோனாதான் என்றார். தாயில்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவள். சாவுச் செய்தி வந்ததும் எங்கள் கடையில்தான் சேலை எடுத்திருக்கிறார். மஞ்சள் வைத்துக்கொண்டு புறப்பட்ட பிறகுதான், ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள் என்று அத்தானிடமிருந்து போன் வந்திருக்கிறது. அத்தான் வீட்டாரையும் லயத்து வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அடைத்து வைத்திருந்தார்களாம். ஒருவரும் முகம் பார்க்கவில்லை.

"கோடிச் சேலைய யாரு கட்டுவா? வீட்டுல வைக்கவும் கூடாதுங்கிறாங்க. எரிக்கலாம்னு எடுத்தேன், கை வரல. அதான் எடுத்த கடைக்கே கொண்டாந்தேன்" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "எரிச்சா என்ன, பொதைச்சா என்னன்னு எனக்கு நானே தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் நானா. மனசு கேக்கல" என்றார்.

கோடிக்கு எடுத்த துணியை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். எங்கள் கடையிலும்தான். நானா எழுந்து அந்தப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மேல் தட்டைக் காட்டி, "அதுவும் அப்படித்தான் திரும்பி வந்தது" என்று மட்டும் சொன்னார். ஸ்டூலின் மேல் ஏறி, அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் சேலையை வைத்துவிட்டு இறங்கினார். இரும்புக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தேத்தண்ணி வந்தது. அந்த ஆள் குடித்தார்.

அவர் மழையில் இறங்கிப் போன பிறகு, எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று நானாவிடம் கேட்டேன். பொறுக்க முடியாமல்தான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தாராம்.

பின்னால் சட்டம் மாறியது. அடக்கம் செய்யலாம் என்றார்கள். நானாவுக்கும் அந்த ஆளுக்கும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ஆள் இன்றைக்கும் தீபாவளிக்குத் துணி எடுக்க வருகிறார். வந்தால் மேல் தட்டைப் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நான் கேட்க இருந்தது சரியான கேள்விதான். அவர் தலை நிமிர முடியாமல் அந்தப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார். அதனால், இப்போதும் யாராவது சாமி பேரைச் சொல்லிக் குரலை உயர்த்தினால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன்.