டோல்கேட் மாடியில் துப்பாக்கிச் சூடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஆட்களைச் சுடுவது என் தொழில்.

பயப்படாதீர்கள், எல்லாம் பேப்பரில்தான். அமெரிக்காவில் ஒரு பழைய பாலைவன ஊர், குதிரைகள், ஊர்க்காவலுக்கு ஒரு ஷெரீஃப், தங்கம் ஏற்றி வரும் ரயில், அதை மறிக்கக் காத்திருக்கும் கொள்ளைக் கூட்டம். மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். நான் கதையை நடத்துவேன். சண்டை வந்தால், குண்டு பட்டதா இல்லையா என்று டைஸ் உருட்டிப் பார்ப்போம். இடம், டோல்கேட் பகுதியில் ஜெபராஜ் அண்ணாச்சியின் ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே உள்ள அறை. வருமானம் பற்றிக் கேட்காதீர்கள், டீ செலவுக்கே இழுபறி.

மற்ற நாட்களில் எண்ணூர் பக்கம் லாரி எடை போடுகிற இடத்தில் எனக்கு வேலை. கண்ணாடிக் கூண்டு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. டிரைவர்கள் கையை நீட்டி எடைச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீடு எர்ணாவூரில் ஒற்றை அறை. அங்கே நான் மட்டும்தான். வாரத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்து முழுசாக ஒரு வாக்கியம் பேசுவது அந்த மாடியில்தான். நாலு பேரைக் கூப்பிட்டு எதையாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு, கேரம் கிளப்போ பஜனையோ சங்கக் கூட்டமோ, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவஸ்தை தெரியும். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

பதினேழு பாயிண்ட்

இந்த மாதிரி விளையாட்டுகளில் அடிபடுவதற்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, உங்களுக்கு இத்தனை பாயிண்ட் உயிர் என்று கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் குறையும், பூஜ்யம் ஆனால்தான் சாவு. இரண்டாவது, குண்டு எங்கே பட்டது என்று டைஸ் உருட்டிப் பார்ப்பது. தலையா, மார்பா, கையா, காலா. பட்ட இடத்துக்குத் தகுந்த அவதி. நான் இரண்டாவது கட்சி.

ஒரு வாரம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஆன்லைனில் விளம்பரம் பார்த்துவிட்டு வந்தார். டிராகன்களைக் கொல்லும் விளையாட்டில் ஊறியவர். பாயிண்ட் இல்லாமல் ஆட முடியாது என்று பிடிவாதம். வந்த விருந்தாளி ஓடிவிடக் கூடாதே என்று அவருக்கு மட்டும் பாயிண்ட் கணக்கு வைத்தேன். மதுக்கடைச் சண்டையில் அவர் ஆள் அஞ்சு குண்டு வாங்கினான். "நோ ப்ராப்ளம், இன்னும் பதினேழு பாயிண்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மாடிக்கு வந்த டீயை எடுத்து உறிஞ்சினார். எங்கள் மேசையின் முதல் ஆள் அந்தோணி, ராயபுரத்துக்காரன், கண்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டுகிறவன், என் பக்கம் திரும்பினான்.

"நைனா, எங்க யார்டுல ஒரு ஆணி குத்னாலே மூணு பேரு புட்ச்சிகினு ஓடுவோம், இவுரு அஞ்சு குண்ட வாங்கினு டீ குடிச்சினு கீறாரு!"

தம்பி அடுத்த வாரம் வரவில்லை.

தன் கட்டுத் தானே போடக் கூடாது

என் கணக்கில் இன்னொரு விதி உண்டு. காயத்துக்கு யாரும் தானே கட்டுப் போட்டுக்கொள்ள முடியாது. வேறு ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கட்ட வேண்டும். வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கும் ஷமீம் அக்காதான் எங்கள் பாலைவன ஊருக்கு டாக்டர். துப்பாக்கியைத் தொடவே மாட்டார்.

கீழே கடையை மூடிவிட்டு வந்து உட்காரும் ஜெபராஜ் அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். கடையை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவர். விளையாட்டிலும் அப்படித்தான், கூட்டத்தை விட்டுத் தனியாகக் குதிரையைத் தட்டிவிடுவார். ஒரு தடவை பள்ளத்தாக்கில் தோளில் குண்டு பட்டு விழுந்தார். சட்டையைக் கிழித்துத் தானே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். விதியில் இடமில்லை என்றேன். கத்திக் கூப்பிட்டார். பள்ளத்தாக்கில் யார் இருக்கிறார்கள்? ஷமீம் அக்காவின் குதிரை வந்து சேர நாலு சுற்று ஆனது. ஒவ்வொரு சுற்றிலும் நான் "ரத்தம் போகிறது, வெயில் ஏறுகிறது, யாரும் வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். மனிதர் வேர்த்துவிட்டார். அக்கா வந்து கட்டி முடித்ததும் டவலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே பெருமூச்சு விட்டார்.

"குண்டு பட்டதுகூட பெருசில்ல வே, ஒருத்தரும் வராமக் கெடந்தேன் பாத்தீரா, அதுதான் வலிக்கு."

மெடிக்கல் லீவு

ரயில் மறிப்பில் அந்தோணிக்குக் காலில் குண்டு. "மூணு வாரம் எழுந்திருக்க முடியாது" என்று அறிவித்தேன். கதையில் மூணு வாரம் என்பது ஒரு வரி. "மூணு வாரம் கழித்து" என்று நான் சொன்னால் ஆயிற்று, எல்லோரும் எழுந்துவிடலாம். அதை அன்றைக்கே சொல்லாமல், நேரமாகிவிட்டது என்று ஆட்டத்தை முடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தோணி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் போட்டால், "வர்றேன் நைனா, டைம் ஆவும்" என்று வைத்துவிட்டான். கோபமா, ஆட்டம் அலுத்துவிட்டதா, ரொம்பக் கடுமையாகச் சுட்டுவிட்டேனா? கூண்டில் உட்கார்ந்து எடை மேடையில் ஏறும் ஒவ்வொரு டிரெய்லரிலும் அவன் முகத்தைத் தேடினேன். இருப்பதே மூன்று பேர், அதில் ஒருவன் போனால் மேசை எத்தனை நாள் நிற்கும்?

நாலாவது ஞாயிறு படிக்கட்டில் செருப்புச் சத்தம். அந்தோணி லேசாக நொண்டிக்கொண்டே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். எங்கேடா போனாய் என்று கத்தியே விட்டேன். அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"கால்ல குண்டு வாங்னவன் எப்டி நைனா டூட்டிக்கி வருவான், மூணு வாரம்னு நீதான சொன்ன?"

ஆள் இல்லாத ஞாயிறு

நோன்பு மாதம் முடியப் போகிற சமயம். ஷமீம் அக்கா கடையில் தைக்க வேண்டிய துணி கழுத்துவரை. அந்தோணிக்கு யார்டில் ஓவர்டைம். அண்ணாச்சிக்குக் கீழே சரக்கு இறங்குகிறது. நான் மட்டும் நாலு நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்தேன். சுடுவதற்குக்கூட ஆள் இல்லை.

வீட்டுக்குப் போகலாம். போய் என்ன செய்ய? சரி, நமக்கும் ஒரு ஆளை உண்டாக்குவோம் என்று தோன்றியது. கதை நடத்துகிறவனுக்கு உடம்பு கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எல்லோரும் அடிபடுவார்கள், அவன் மட்டும் படமாட்டான். ஒரு பேப்பரில் என் பேரையே எழுதினேன். கொள்ளைக்காரனுக்கு நானே டைஸ் உருட்டினேன். குண்டு மார்பில். கட்டுப் போட ஆள் வேண்டும். எதிரில் மூன்று காலி நாற்காலிகள். விதியை எழுதினவனே நான்தான், மாற்றியிருக்கலாம். மனசு வரவில்லை. ரத்தம் தீர்ந்து என் ஆள் சாகும்வரை சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அண்ணாச்சி சாவிக்கொத்தோடு மேலே வந்து, மேசையில் தனியாகக் கிடந்த பேப்பரைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"சரி வே, அப்பம் லைட்ட அணைச்சிரலாமா?"

ஒரு வேண்டுகோள்

அந்தோணியின் கம்பெனி அவனைக் குஜராத் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு அனுப்பியது. எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. ஆட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. அவர்கள் ஆள் குதிரையில் ஏறி, சிவந்த வானத்தைப் பார்த்துப் போவதாகச் சொல்லி அனுப்பிவைப்போம். அதற்காக நாலு வரி யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கும் முன்னே அவன் கையைக் காட்டினான். "குதிரல்லாம் வேணா நைனா. என்ன சுட்டுடு."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க யார்டுல வேலய வுட்டுப் போறவன் பேர அன்னிக்கே அட்ச்சிடுவாங்க. அடிபட்டு வூட்ல கீறவன் பேர அடிக்க மாட்டாங்க. அவன் எடம் அப்டியே கீது."

ஒரு கொள்ளைக்காரனை ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்தினேன். சுட்டேன், பட்டது. எங்கே பட்டது என்று பார்க்க டைஸை உருட்டினேன். தலையில் பட்டால் அதோடு சரி, விதி விதிதான். டைஸ் மேசை விளிம்பில் தட்டிக் கீழே உருண்டு போய்விட்டது. ஷமீம் அக்கா குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியவில்லை. டைஸைக் கைக்குள் மூடிக்கொண்டுதான் நிமிர்ந்தார். அவர் சொன்னதை நாங்கள் யாரும் சரிபார்க்கக் கேட்கவில்லை.

"கால்தான், உயிருக்கு ஒண்ணும் இல்ல."

கால் எப்படி இருக்கிறது

அவன் போய் மழைக்காலம் வந்து போய்விட்டது. இப்போது நாங்கள் மூன்று பேர், நாலு நாற்காலி. சிக்கல் என்னவென்றால், கதையில் மூணு வாரம் ஓடிவிட்டால் அந்தோணியின் கால் ஆறிவிடும். கால் ஆறியும் டூட்டிக்கு வராதவன் பேரை அடிக்க வேண்டிவரும். அதனால் எங்கள் பாலைவன ஊரில் நாள் நகர்வதில்லை. அவன் சுடப்பட்ட வாரத்துச் செவ்வாய்க்கிழமையிலேயே நிற்கிறோம். காலையில் ஒரு கொள்ளை, மத்தியானம் ஒரு கொள்ளை, சாயங்காலம் பாலத்துக்கு வெடி. இத்தனையும் ஒரே நாளில் நடக்கிற ஊர் உலகத்தில் எங்கேயும் இருக்காது. அண்ணாச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷமீம் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் தன் முதல் முறையை விட்டுக்கொடுத்து, காலி நாற்காலிக்குக் கட்டு மாற்றுகிறார்.

போன வாரம் நான் கூண்டில் இருக்கும்போது போன் வந்தது. பின்னால் லாரி ஹாரனும் தெரியாத பாஷையில் யாரோ கத்துவதும் கேட்டது. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று எதுவும் இல்லை, எடுத்ததும் "காலு எப்டி கீது நைனா?" என்றான். இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றேன். மேடையில் ஒரு லாரி ஏறி நிற்க, ஓட்டைக்குள் நீண்ட ஒரு கை எடைச் சீட்டுக்காகக் காத்திருந்தது.

"அவசரப்படாத நைனா, நான் வர்ற வரிக்கும் ஆற வுடாத."

இந்தத் தொழிலில் ஆளைச் சுடுவது ஒரு நிமிஷ வேலை, சுட்ட காயத்தை ஆறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் ஞாயிறு தவறாமல் மூன்று பேர் மாடி ஏற வேண்டியிருக்கிறது.