பழைய அரை மணி

ஞாயிறு பூசை முடிந்ததும் சூசைநாதனின் கால்கள் தாமாகவே சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குத் திரும்பும். பேருந்துப் பணிமனையில் அவர் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் வழியே கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். குளிரூட்டிய அறை முழுக்க அது ஒன்றுதான் இருந்தது. எண்பதாம் ஆண்டு வாக்கில் அது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஒற்றை வரித் திரை, பட்டாணி அளவில் எழுத்துப் பொத்தான்கள். புதுப்புது மாடல்கள் வந்ததும் அந்த முதல் மாடலை எல்லாரும் தூக்கிப் போட்டார்கள். அவர் அதைத் தேடத் தொடங்கினார்.

எண்பத்தேழு ஜூனில் ஒன்று அகப்பட்டது, துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டிகளுக்கு நடுவே. ஃபேரர் பார்க் வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தினார். திரை மங்கலாக விழித்தது. முன்பு வைத்திருந்தவர் எழுதிய புரோகிராம் உள்ளே இன்னும் உயிரோடிருந்தது.

“பேட்டரிய மாத்துங்களேன்” என்றாள் மனைவி ரோசம்மா.

“கழட்டுனா எல்லாம் அழிஞ்சிடும். நீ திரையப் பாத்துப் படி, என்கிட்ட இருக்கிற புது மாடல்ல நான் அடிக்கிறேன்.”

“கோழி வாங்கிட்டு வாங்கன்னா இதத்தான் வாங்குவீங்க லா.”

ஆனாலும் படித்தாள். எழுத்து மங்க மங்க அவள் குரல் வேகமெடுத்தது. கடைசி வரியோடு திரை வெறுமையானது.

புதிய கருவி தேதி கேட்டது. கொடுத்தார். ஐந்து நேரங்கள் வந்தன, சுபுஹிலிருந்து இஷா வரை.

“தொழுகை நேரம்ல இது” என்றாள் ரோசம்மா. “பக்கத்து வீட்டு சம்சுன்னிசா ரேடியோல பாங்கு வரும். பாத்துடலாம்.”

சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப்புக்கு ஆறு நாற்பத்தொன்று என்றிருந்தது. அந்த நேரத்துக்கு ரேடியோவில் பாட்டுத்தான் வந்தது. சூசைநாதனின் முகம் விழுந்துவிட்டது. எங்கோ ஓர் எண் பிசகியிருக்கிறது. ஒத்துப்பார்க்க மூலமும் இல்லை.

“நீ சரியாத்தான் படிச்சியா?”

“உங்க விரலக் கேளுங்க.”

ஏழு பதினொன்றுக்குப் பாங்கு எழுந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சரியாக அரை மணி. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எம்பத்திரண்டு நியூ இயருக்கு கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னால தள்ளி வெச்சோமே, ஞாபகமிருக்கா? இத எழுதினவரு அதுக்கு முன்னாடியே எழுதிட்டாரு. ஒரு எழுத்துகூடத் தப்பல.”

வெளியே இப்போது மறைந்த அதே சூரியனை அந்தப் பெட்டி பழைய சிங்கப்பூரின் நேரத்தில் மறையவைத்திருந்தது.

“அப்ப அரை மணியக் கூட்டிடுங்க.”

விரலைப் பொத்தான்மேல் கொண்டுபோனவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

“இருக்கட்டும். அவரு எழுதினபடியே இருக்கட்டும்.”

பாங்கு முடியும்வரை ரோசம்மா டிவியைப் போடவில்லை.