மடங்காத கட்டைவிரல்

பரீட்சை முடிந்தது, சாப்பிட்டாச்சு என்று எதற்கெடுத்தாலும் நீங்கள் இருவரும் வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவீர்கள். நான் ஒருநாளும் அதைத் திருப்பி அனுப்பியதில்லை. "ஏம்ப்பா, அனுப்பத் தெரியலையா?" என்று சின்னவள் கேலிகூடச் செய்தாள். தெரியும்மா. ஆனால் அதைப் பார்த்தாலே எனக்கு ஒரு கையுறைதான் கண்ணில் நிற்கும். எண்ணெய்க் கறை படிந்த மஞ்சள் கையுறை.

துபாயில், ஜெபல் அலித் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டத் தொடங்கியபோது, கீழே நின்று எனக்குக் கைகாட்டியவர் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். யார்டில் எல்லோருக்கும் அவர் சிக்னல் அண்ணன். இரைச்சலில் வாக்கிடாக்கிப் பேச்சு பாதி கேட்காது. அவர் கைதான் எனக்குக் கண். கையை நீட்டி முஷ்டியாக மூடினால் நிறுத்து. அதே முஷ்டியில் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தினால், கிரேனின் நீண்ட கையை உயர்த்து. கொஞ்சம் தாமதித்தால் போதும், நான் இறங்கியதும் பிடித்துக்கொள்வார். "என்னடா தம்பி, மேல ஏசியில குறட்டையா?"

வருடக்கணக்காகச் சங்கிலியும் கொக்கியும் இழுத்ததில் அவருக்கு வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துபோயிருந்தது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம்தான் நீட்டுவார். விரல் சரியாக நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "போனா கையக் கிழிச்சு எலும்பையே எடுத்துருவாங்களாம்டா. மாசக்கணக்குல ஒக்காரணும். கம்பெனி டிக்கெட்டக் கையில குடுத்து, கலாஸ், ஊருக்குப் போன்னுரும்."

மறுநாள் கையுறையின் கட்டைவிரலுக்குள் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிக்கொண்டு வந்தார். "இப்ப தெரியுதா?"

"ஜம்முனு தெரியுதுண்ணே!"

குச்சி இருந்தால் அந்த விரல் மடங்காது; அதனால் இனி நிறுத்து என்றால் இடது கையைக் காட்டுவதாகப் பேசிக்கொண்டோம். சிரித்துக்கொண்டுதான் பேசினோம்.

ஒரு மதியம் மணற்காற்று திடீரென்று எழுந்தது. தொங்கிக்கொண்டிருந்த குழாய்க் கட்டு சுழன்றது. அதன் கயிற்றை அவர் இடது கையால் இழுத்துப் பிடித்திருந்தார். வலது கை நீண்டது. நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. உயர்த்தச் சொல்கிறார் என்று நான் உயர்த்தினேன். அவர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். குழாய்க் கட்டு அவரை டிரெய்லரோடு சேர்த்து அடித்தது. பெட்டியில்தான் ஊர் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்குக் கைகாட்டிவிட்டார்கள். ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் அந்த மஞ்சள் கையுறை நிற்கும்.

இப்போது எனக்கும் அதே இடத்தில் வலி. டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "பெருசா கிழிக்க வேண்டாங்க. ரெண்டு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா, இன்னொண்ணுல கருவி. உரசுற எலும்பை மட்டும் சீவி எடுத்துடலாம். அன்னைக்கே ரூமுக்குப் போயிடலாம்" என்றார். இரண்டு துளை. அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

தோளருகே ஊசி போட்டுக் கை முழுதும் மரத்த பிறகு, கட்டைவிரல் மட்டும் மேலே நிமிர்ந்து நிற்பதாகவே எனக்குப் பட்டது. மடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "சிஸ்டர், அந்த விரலை மடக்கிவிடுங்க" என்று கெஞ்சினேன். "மடங்கித்தானே இருக்கு, சேட்டா" என்றார் அந்த மலையாள நர்ஸ். நான் நம்பவில்லை.

முடிந்ததும் விரலை நிமிர்த்திவைத்துப் பட்டை போட்டு அனுப்பினார்கள். வீடியோவில் பேசும்போது கையில் ஏன் துண்டைச் சுற்றியிருக்கிறேன் என்று கேட்டீர்களே, அதனால்தான். எனக்கே அந்தக் கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நேற்று பட்டையைக் கழற்றினார்கள். பயிற்சி கொடுப்பவர், "மெதுவா மூடுங்க" என்றார். வலித்தது. கட்டைவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற விரல்களின்மேல் படிந்தது. சன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கிரேன் சுழன்றுகொண்டிருந்தது. என்னையறியாமல் கை அதை நோக்கி நீண்டது. "போதும், விடுங்க" என்றார் அவர். எனக்கு விட மனம் வரவில்லை.

ரூமுக்கு வந்தால் உங்கள் கட்டைவிரல் படம் காத்திருந்தது. மூடிய முஷ்டியின் படத்தைத் தேடி அனுப்பினேன். "என்னப்பா, சண்டைக்கு வர்றீங்களா?" என்று பெரியவன் கேட்டிருக்கிறான்.

இல்லைப்பா. அதற்கு நிறுத்து என்று அர்த்தம்.