ஆல்வீஸேவின் அளவு

ஆல்வீஸே நாற்பத்து மூன்று வருடம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டியவர். ப்ரெந்தா ஆற்றின் இந்தக் கரையில் அவர் கைபடாத குளியலறை குறைவு. என் முடிதிருத்தும் கடையின் தரையும் அவர் போட்டதுதான். பதினெட்டு வயதில் தொடங்கியவர், அறுபத்தொன்றில் ஓய்வு பெற்றபோது அவருடைய முழங்கால் தோல் குதிகால் மாதிரி காய்ப்பேறி இருந்தது. மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார்.

ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாதா கோயிலுக்கு எதிரே இருக்கும் காபிக்கடை வாசலில் ஒன்பது பேர் கூடுவோம். அங்கிருந்து ஆற்றோரமாகப் பள்ளத்தாக்குக்குள் போவோம், அல்லது க்ராப்பா மலை ஏறுவோம். காலை வேளையில் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வரும் காற்று நேராக முகத்தில் அறையும். முன்னால் ஒருவர் அகலமாகப் போனால் பின்னால் வருகிறவர்களுக்குப் பாடு பாதியாகக் குறைந்துவிடும். ஆல்வீஸேவுக்கு அகலமான முதுகு. அவர் முன்னால் போவார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, யாரும் மாற்றிவிடவும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. நான் மூன்றாவது ஆளாகப் போவேன். அது நல்ல இடம்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஜெர்மானோ. டைல்ஸ் கடை வைத்திருப்பவர். தன் கடையில் டைல்ஸ் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஆல்வீஸேவைத்தான் கைகாட்டுவார். ஆல்வீஸேவின் சைக்கிளும் ஜெர்மானோ ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்ததுதான். ஜெர்மானோ நல்ல உயரம், ஆல்வீஸே குட்டை. அந்தப் பொருத்தத்தைப் பற்றி எங்களில் யாரும் யோசித்ததில்லை.

மார்ச் மாதம் ஆல்வீஸேவின் ஓய்வுக்காக ஒரு விருந்து வைத்தோம். போலெந்தா என்கிற சோளமாவுக் களியும் பாலில் வெந்த கருவாடும் முடிந்த பிறகு ஜெர்மானோ எழுந்து நின்று கண்ணாடிக் குவளையைத் தட்டினார். எல்லோரும் சேர்ந்து ஆல்வீஸேவுக்கு ஒரு புது சைக்கிள் ஃப்ரேம் செய்து கொடுக்கப் போகிறோம், அதுவும் நீவெஸின் பட்டறையில், உடம்பை அளந்து செய்வது என்று அறிவித்தார். இனி வேலை இல்லை, வாரத்துக்கு மூன்று நாள் மலை ஏறலாம் என்றார். கை தட்டினோம். ஆல்வீஸே தட்டைப் பார்த்துக்கொண்டே நன்றி சொன்னார். பிறகு ரொட்டிக் கூடையைத் தள்ளச் சொன்னார்.

மறுவாரம் அவர் மனைவி தெல்ஃபீனா பேரனுக்கு முடிவெட்டக் கூட்டிக்கொண்டு வந்தபோது ஒன்று சொன்னாள். விருந்து முடிந்து வீட்டுக்கு வந்த மனிதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு, வெகுநேரம் அப்படியே இருந்தாராம். என்ன என்று கேட்டதற்கு, “இன்னொரு சைக்கிளா,” என்று மட்டும் சொன்னாராம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு முதல் மாதம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை, என் கடைக்கு விடுமுறை நாளில், ஆல்வீஸே, ஜெர்மானோ, நான் மூன்று பேரும் ஜெர்மானோவின் காரில் நீவெஸின் பட்டறைக்குப் போனோம். ஆல்வீஸேவின் பழைய சைக்கிளைப் பின்னால் கட்டியிருந்தோம். வழியெல்லாம் ஜெர்மானோ பேசிக்கொண்டே வந்தார். எந்தக் குழாய், எந்த ஃபோர்க், ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வாக இருந்தால் காற்று குறையும் என்று. ஆல்வீஸே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

நீவெஸுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டு பட்டறை போட்டவள். யாராவது உள்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் நடையைப் பார்ப்பாள். ஆல்வீஸே வாசலிலிருந்து மேஜை வரை நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பழைய சைக்கிளைச் சுற்றி வந்தாள்.

“இது யாரோட வண்டி?”

“என்னோடதுதான்,” என்றார் ஆல்வீஸே.

“அதுக்கு முன்னாடி?”

“என்னோடது,” என்றார் ஜெர்மானோ, கொஞ்சம் பெருமையாக.

நீவெஸ் இருவரையும் அண்ணாந்தும் குனிந்தும் ஒருமுறை பார்த்தாள்.

ஆல்வீஸேவைக் காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு பலகையை ஏற்றி அளந்தாள். பலகையின் மேல் ரசமட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆல்வீஸே, பலகை சரிவாக இருக்கிறது, இடது பக்கம் ஒரு நூல் ஏற்ற வேண்டும் என்றார். அன்றைக்கு அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கை, தோள், பாதம் எல்லாம் அளந்தாள். ஓரமாக இருந்த கட்டிலில் படுக்கவைத்து ஒவ்வொரு காலாக மடக்கிப் பார்த்தாள். வலது முழங்கால் முக்கால்வாசிக்கு மேல் மடங்கவில்லை. அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிறகு அளவு பார்க்கும் சைக்கிளில் ஏற்றினாள். சக்கரம் கிடையாது. சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாவற்றையும் திருகி ஏற்றி இறக்கலாம். முதலில் பழைய சைக்கிளின் அளவையே அதில் வைத்து மிதிக்கச் சொன்னாள். ஆல்வீஸே முன்னால் குனிந்து, கையை நீட்டி, நாங்கள் அறிந்த அந்த முதுகோடு மிதிக்க ஆரம்பித்தார்.

விரல் மரத்துப்போகுமா என்று கேட்டாள். அரைமணி நேரத்தில் மரத்துவிடும் என்றார். எத்தனை வருடமாக என்றாள். எப்போதும்தான் என்றார். அது சைக்கிளோடு வருவது என்று நினைத்திருந்தாராம்.

“இந்தப் புது வண்டியில எங்க போகணும்னு ஆசை?” என்று நீவெஸ் கேட்டாள்.

க்ராப்பாவுக்கு என்று ஜெர்மானோ பதில் சொன்னார். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். பத்து, பன்னிரண்டு என்று அதற்கும் ஜெர்மானோதான் சொன்னார். நீவெஸ் அவரிடம், எதிர்த்த கடையில் காபி நன்றாக இருக்கும், எல்லோருக்கும் வாங்கிக்கொண்டு வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். அவர் போனார். நான் ஆல்வீஸேவின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றதால் என்னை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். ஆல்வீஸே மிதித்துக்கொண்டே இருந்தார்.

“எங்கயும் போக வேண்டாம்னு சொன்னா?”

“அப்ப நான் செய்யல அண்ணே. கையில ஏகப்பட்ட வேலை இருக்கு, ரெண்டு வருஷம் ஆகும்னு அவங்ககிட்ட நானே சொல்லிடுறேன். பழி என்மேல போகட்டும்.”

மிதிப்பதை நிறுத்தினார். இறங்கி, சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சம் யோசிக்கிறேன் என்றார். யோசிப்பார் என்று பார்த்தால், தலை சுவரில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது, தூங்கிவிட்டார். வெறுங்கால்கள் சிமெண்டுத் தரையில் கிடந்தன. நான் எழுப்பப் போனேன். நீவெஸ் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, ஓசை வராத வேலையாகப் பார்த்து ஒன்றை எடுத்துச் செய்தாள். அவ்வளவு அசதியான ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. முப்பது வருடமாக அவர் தலைமுடியை வெட்டுகிறவன் நான்.

இருபது நிமிடம் கழித்துத் தானாக விழித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ வீட்டுக்காரரிடம் தரைக்கணக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“நிமிந்து உக்காரணும். போற வழியில என்ன இருக்குன்னு பாக்கணும். முட்டி வலிக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேண்டாம்.”

நீவெஸ் ஹேண்டில்பாரை நாலு விரல் உயர்த்தினாள், மூன்று விரல் உள்ளே இழுத்தாள். பெடலைத் தாங்கும் கைகளை எடுத்துவிட்டுக் குட்டையான வேறு ஜோடியைப் பூட்டினாள். கை குட்டையானால் முழங்கால் அவ்வளவு தூரம் மடங்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திருகி ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒரு அளவில் அவர் தோள்கள் காதை விட்டுக் கீழே இறங்கின. அதில் கொஞ்ச நேரம் மிதித்தார். “ம்,” என்றார். அவ்வளவுதான்.

நிறம் என்ன என்று அட்டைகளை விரித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வருடமாக வெள்ளையா, தந்த வெள்ளையா, சந்தன வெள்ளையா என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட, தான் நடுவே ரசமட்டத்தோடு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். “எதுல அழுக்குத் தெரியாதோ அதப் போடும்மா.”

அப்போதுதான் ஜெர்மானோ வந்தார். காபிக்கடையில் தெரிந்தவர் யாரோ பிடித்துக்கொண்டாராம். கையில் இருந்த தட்டில் ஆறிப்போன காபி. அளவு சைக்கிளைப் பார்த்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

“என்னடா இது? பூசைக்குப் போற பொம்பளைங்க வண்டி மாதிரி இருக்கு.”

“பூசைக்குப் போறவங்க நேரத்துக்குப் போய்ச் சேந்துடுறாங்க,” என்றாள் நீவெஸ்.

ஜெர்மானோ அவளைக் கண்டுகொள்ளவில்லை. இந்த உயரத்தில் உட்கார்ந்து மலையேறினால் எல்லோரும் சிரிப்பார்கள், காற்றில் பாய்மரம் மாதிரி நிற்பாய், நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுப்பது இதற்காகவா என்று கேட்டுக்கொண்டே போனார். ஆல்வீஸே இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கேட்டார்.

“ஜெர்மானோ, ஞாயித்துக்கிழமைல என் மூஞ்சிய என்னிக்காவது பாத்திருக்கியாடா?”

“என்ன பேச்சு இது?”

“முதுகத்தான் பாத்திருக்க. பியெரோவும் முதுகத்தான் பாத்திருக்கான்.” என் பெயரைச் சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை. “முப்பத்தெட்டு வருஷமா உங்க எல்லாருக்கும் சேத்து நான் ஒருத்தனே காத்த வாங்கினேன். போதும்டா. இனிமே சும்மா காத்து வாங்கப் போறேன்.”

குரல் உயரவில்லை. கோபம் இருந்திருந்தால் ஜெர்மானோ பதிலுக்குக் கத்தியிருப்பார். அதில் அசதி மட்டும்தான் இருந்தது.

விஷயம் கூட்டத்துக்குள் பரவியது. ஆல்வீஸேவுக்கு வயதாகிவிட்டது, இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லலாம் என்றார்கள். ஜெர்மானோ நீவெஸுக்குத் தொலைபேசி செய்து, முன்பக்கத்தை இரண்டு விரலாவது தாழ்த்த முடியுமா, அவருக்குத் தெரியப் போகிறதா என்று கேட்டிருக்கிறார். உடம்பு அவருடையது, தாழ்த்தச் சொல்ல வேண்டுமானால் அவரே வந்து சொல்லட்டும் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆல்வீஸே வரவில்லை. காபிக்கடையிலிருந்து கிளம்பியபோது முன்னால் யார் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. உறுத்தல் தாங்காமல் நான் போனேன். நாலு கிலோமீட்டர். காற்று மூச்சைப் பிடுங்கிக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, பின்னால் இருந்தவர்கள் ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. நானும் அதில் இருந்தவன். பாலத்தருகே வழிவிட்டுக் கடைசிக்குப் போய்விட்டேன்.

ஃப்ரேம் அக்டோபரில் வந்தது. ஈரமண் நிறம். ஆல்வீஸே ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி வரை தூங்கினார். தெல்ஃபீனா முதலில் பயந்து மருத்துவரைக் கூட்டிவரலாமா என்று கேட்டாள், பிறகு பழகிக்கொண்டாள். வாரநாளில், மனம் இருந்தால், தனியாக ஆற்றோரம் போவார். மனம் இல்லாத நாள்தான் அதிகம். வேலையை விட்டதும் அசதி போய்விடும் என்று நினைத்தேன், அது எலும்புக்குள் போய்விட்டது போலிருக்கிறது என்று ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். நான் கத்தரியை நிறுத்திவிட்டு, முப்பத்தெட்டு வருடத்துக்கும் சேர்த்து மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். காதோரம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில் வலது முழங்காலை அறுவை செய்தார்கள். வசந்தத்தில் சில திங்கட்கிழமைகள் நானும் கூடப் போனேன். ஆற்றோரமாக வால்ஸ்தாஞ்ஞா ஊர் வரை போகலாம் என்று கிளம்புவோம், பாதியிலேயே போதும் என்பார், திரும்பிவிடுவோம். கை மரத்துப்போவதில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஞாயிற்றுக் கூட்டம் ஒன்பதிலிருந்து ஐந்தாகிவிட்டது. இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாறி மாறி முன்னால் போகிறார்கள், யார் எவ்வளவு நேரம் போனார் என்று சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் இடது முழங்காலுக்கும் அறுவை ஆகிவிட்டது. ஜூன் வரை சைக்கிள் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கீழறையில் ஈரம் என்று தெல்ஃபீனா சைக்கிளை மேலே கொண்டுவந்து நடையில் சாய்த்து வைத்திருக்கிறாள். வியாழக்கிழமைகளில் ஜெர்மானோ சீட்டாட வருகிறார். ஊன்றுகோலோடு எழுந்திருக்க வேண்டாம், கதவை நானே திறந்துகொள்கிறேன் என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவாராம். சைக்கிளைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை என்று தெல்ஃபீனா சொன்னாள்.